ஒன்பதே முக்கால்

தீயணைப்பு நிலையக் கூடத்தில் நேற்றிரவு
பத்து அங்குலத்துக்குக் கை தூக்கியவன் நான்.
"முப்பது மீன் எங்க அப்பன் காலத்துக் கணக்கு.
இப்போ படகுக்குப் படகு சோனார்.
பதினஞ்சு போதும்."

வெர்னெல் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.
"உனக்கு அது ஞாயித்துக்கிழமை, ஓரின்.
என் ஃப்ரீஸருக்கு அதுதான் பிப்ரவரி."
யாரோ இருமினார்கள்.
காபி ஆறிப்போயிருந்தது.

விடியலில், மூழ்கிய சைப்ரஸ் கிளைக்கடியில்
ஒரே ஒரு கிராப்பி.
காகிதத்தில் செய்தது போன்ற வாய்,
மை தெறித்த உடம்பு.
அளவுகோலில் கிடத்துகிறேன்:
ஒன்பதே முக்கால்.

வால் நுனிகளை இரு விரலால் சேர்த்தால்
பத்தைத் தொடுகிறது.
சேர்க்கிறேன்.
விடுகிறேன்.
மறுபடி சேர்க்கிறேன்.

பக்கத்துப் படகில் வெர்னெல்
தன் மிதவையிலிருந்து கண்ணெடுக்காமல் சொல்கிறாள்:
"சட்டுனு முடிவு பண்ணு.
அதுக்கு மூச்சு முட்டுது."