பதினான்காம் பக்கம்

நூலகப் புத்தகத்தில் ஒரு தாள் இல்லை.
இக்கரையில் முள்ளெலி;
புரட்டினால் அக்கரையில்.
எப்படிக் கடந்தது?

இரவுக்கொரு வழி சொன்னேன்:
தபால் படகு, வாத்தின் முதுகு,
வேலை முடிந்து கண் செருகிய ஒருநாள்
"நீந்திப் போச்சு, படு."

ஓல்ட்டன் திரையரங்கில் இன்று
அந்த ஒற்றைத் தாள்
பாட்டோடும் வில்லனோடும்
இருபது நிமிடம் ஓடியது.
கடைசியில், வெறும் பாலம்.

பொப்கோர்னை என் மடியில் வைத்துவிட்டு
ஆரபி காதுக்குள் சொன்னாள்:
"அப்பா, இவைக்குத் தெரியாது."

வெளியே மழை.
ஆரே ஆற்று மரப்பாலத்தின் வாசலில் நின்றுகொண்டு
ஏற மறுக்கிறாள்.
"இப்ப நாங்கள் எப்பிடிப் போறது?"

தூரத்து வாத்தைத் தமிழில் கூப்பிட்டேன்.
அசையவில்லை.
அவள் சுவிஸ் ஜெர்மனில் கூப்பிட்டாள்.
கொஞ்சம் திரும்பியது.