குழாயை மூடாதவன்

நமக்குப் பின்னால் யாரோ வருவார்கள்,
அதை மட்டும்தான் நம்பினேன்.
மற்றதெல்லாம் புளுகு.
அந்தப் புளுகுக்குக் கைகால் வைத்துக்கொண்டிருக்கிறேன்
சியாத்துராவில், நின்றுபோன ரோப் கார் நிலையத்தின் அடியில்,
ஆறு குளிர்காலமாக.

அறுந்த கம்பிவடத்தைப் பிரித்தால் நரம்பு.
க்விரிலா ஆற்றின் கறுப்பு வண்டல், தசை.
கண்களுக்கென்று பேரிங் குண்டுகள் ஒரு வாளி வாங்கினேன்,
பிறகு யாருக்கும் கண் வைக்கவில்லை.
வரப்போகிறவர்களுக்கு
நாம் எதைப் பார்த்தோம் என்று தெரியாது,
எதைத் தொட்டோம் என்று தெரியும்.
அதனால் கைகள் மட்டும் முறம் முறமாக.

அவர்கள் கதை இப்படிப் போகும்:
முதலில் மலை முழுசாக இருந்தது.
பசித்தவள் ஒருத்தி உள்ளிருந்து தின்னத் தொடங்கினாள்.
தின்றதைக் கணக்கெழுத ஒருவன் வந்தான்,
எண்ணி எண்ணி விரல் தேய்ந்து
மணிக்கட்டோடு நின்றுவிட்டான்
(முறக்கை இல்லாதவன் அவன் ஒருவன்தான்).
அவர்கள் மகன் தாகத்துக்குக் குழாயைத் திறந்தான்.
யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டான்.
கடல் அப்படித்தான் உண்டாயிற்று.
மீன்கள் இன்னும் அவனைத்தான் ஏசுகின்றன.

அந்த மகனுக்கு இடது கால் குட்டையாகிவிட்டது.
கம்பி பற்றவில்லை, கவனமும் பற்றவில்லை.
உடைத்து மண்ணை மீட்கலாமென்று
வாசலில் தள்ளி நிறுத்தினேன்.
பெரிய சுத்தியலை ஒதாரி இரவல் வாங்கிப் போயிருந்தான்.
ஒன்பது நாள் கழித்துத்தான் கொண்டுவந்தான்.

ஒன்பது நாளில் என்னவெல்லாம் ஆகிவிடுகிறது.

மேலே நான்காம் மாடியில் சியூரி.
அவள் சமையலறைச் சுவர் பிளந்துகொண்டு போகிறது,
அடியில் சுரங்கம்.
விரிசலின் குறுக்கே காகிதப் பட்டை ஒட்டி
அதில் தேதி எழுதி வைப்பாள்.
பட்டை கிழிந்தால் வீடு நகர்ந்துவிட்டதென்று பொருள்.
இதுவரை ஏழு பட்டைகள்.
நகராட்சியில் ஏழையும் காட்டினாள்.
பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்களாம்.

அவள்தான் முதல் மெழுகுவர்த்தியை வைத்தது.
பக்கத்தில் திராட்சைக் கூழில் தோய்த்த அக்ரூட் சரம்,
பாதி கடித்தது.

"இவர் பேர் என்ன, மக்வாலா?"
இன்னும் வைக்கவில்லை என்றேன்.
"நல்லதாப் போச்சு. பேர் இருந்தா வேற யாராவது கூப்பிட்டுக்குவாங்க."

பிறகு இரவு ஷிப்ட் ஆட்கள்.
இறங்கப் போகும்போது முழங்காலைத் தடவுகிறார்கள்,
ஏறி வரும்போது மறந்துவிடுகிறார்கள்.
ஒரு வாரத்தில் முழங்கால் செருப்புத்தோல் போல மின்னியது.
நான் இழைத்து இழைத்துக் கொண்டுவர முடியாத மினுக்கு.
பொறாமையாகத்தான் இருந்தது.

சியூரியை நிறுத்தி வைத்துச் சொன்னேன்:
இது சாமியில்லை, குற்றவாளி.
என் கதையில் எல்லாவற்றையும் தொலைத்தவனே இவன்தான்.
அவள் சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து
மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.
"அதுக்குத்தான் இவர்கிட்ட வர்றேன்.
தொலைச்சவருக்குத்தானே தெரியும்
எங்க வச்சார்னு."

எனக்குப் பதில் வரவில்லை.
ஆறு வருடம் எதிர்காலத்துக்கென்று பிடித்து வைத்ததை
நாலாம் மாடி இறங்கி வந்து
இன்றைக்கே எடுத்துக்கொண்டுவிட்டது.

ஒதாரி சுத்தியலோடு வந்தான்.
"எதை உடைக்கணும்?"
ஒன்றுமில்லை, ஆணி அடிக்க என்றேன்.
இவ்வளவு பெரிய சுத்தியலாலா என்று
அவன் கேட்கவில்லை.
போகிற போக்கில் குனிந்து
அவனும் ஒரு தடவு தடவிவிட்டுப் போனான்.

மார்ச் மழையில் வண்டல் இளகியது.
பசித்தவள் வயிறு சரிந்தாள்,
கணக்கன் தோளில் பாசி.
இவனுக்குக் குட்டைக்காலில் முடியளவு கீறல்.
குழைத்த மண்ணோடு காலையில் பூசப் போனேன்.

கீறலின் குறுக்கே ஏற்கெனவே ஒரு காகிதப் பட்டை.
பென்சிலில், சியூரியின் சாய்ந்த எழுத்தில்,
இன்றைய தேதி.