வியாழன், ஏழு முதல் பத்து வரை

லிஃப்ட் இல்லாத எங்கள் கட்டடத்தின் நிலவறையில்
இருபத்துநான்கு வீடுகளுக்கு இரண்டு சலவை இயந்திரங்கள்,
ஓர் உலர்த்தி,
சுவரில் ஓர் ஆணி,
ஆணியில் கட்டம் போட்ட தாள்,
நூலில் தொங்கும் பென்சில்.

யேவ்லேயில் பனிக்காலம் நீளம்.
எதிர்வீட்டுக்காரர் படியிறங்கிப் போய்விட்டாரா என்று
கதவுத் துளையில் பார்த்துவிட்டுத்தான் வெளியே வருவோம்.
பேச்சு வார்த்தை எல்லாம்
அந்தத் தாளில்தான்.

"வடிகட்டியில் பஞ்சை விட்டுப்போகும்
இரண்டாம் மாடிக்காரருக்கு:
எனக்குத் தலையணை தேவைப்படவில்லை.
— ஹெச். ஸ்ட்ரோம், நான்காம் மாடி"

இரண்டாம் மாடிக்காரன் நான்.
"கம்பளிக் காலுறை ஒன்று அகப்பட்டது. இடது கால்.
பணயமாக வைத்திருக்கிறேன்" என்று பதில் எழுதினேன்.

இப்படியே நான்கு வருடம்.
ஏழு என்ற எண்ணின் இடுப்பில்
குறுக்கே ஒரு கோடு போடுவாள்.
கோபம் மிஞ்சினால் பென்சில் முனை தாளைத் துளைத்து
சுவரில் புள்ளி வைத்துவிடும்.
முகம் மட்டும் தெரியாது.

பிறகு தாளை எடுத்துவிட்டார்கள். செயலி வந்தது.
குறை சொல்ல ஒன்றுமில்லை.
பேருந்தில் உட்கார்ந்தபடியே நேரம் பிடிக்கலாம்.
பச்சைக் கட்டம் என்றால் காலி,
சாம்பல் கட்டம் என்றால் யாரோ.
பஞ்சு அப்படியேதான் இருந்தது,
திட்டத்தான் ஆளில்லை.

பதினைந்து நிமிடத்துக்குள் வராவிட்டால்
உன் நேரம் பொதுவுக்குப் போய்விடும்.
ஜனவரியில் ஒரு வியாழன் போன் சிணுங்கியது:
ஏழு முதல் பத்து, காலி.
பாய்ந்து எடுத்துக்கொண்டேன்.
அடுத்த வியாழனும் அப்படியே. யோகம்தான் என்று நினைத்தேன்.
மூன்றாம் வியாழன்
பொத்தானை அழுத்தப் போன விரல் நின்றது.
வியாழன். ஏழு.
இடுப்பில் கோடு போட்ட ஏழு.

நான்காம் மாடிக்கு அதுவரை ஏறியதில்லை.
மணியை அடித்த பிறகுதான்
என்ன சொல்வதென்று யோசிக்காமல் வந்துவிட்டது தெரிந்தது.
சட்டைப் பையில் அந்தக் காலுறை மட்டும் இருந்தது.

கதவு திறந்தது. என் வயதுதான் இருக்கும்.
கக்கத்தில் ஊன்றுகோல்கள்,
வலது காலில் முழங்கால் வரை மாவுக்கட்டு.
"பஞ்சு?" என்றாள்.
"ஆமாம்" என்றேன்.
காலுறையை வாங்கி
அங்கேயே, சுவரில் சாய்ந்து,
இடது காலில் மாட்டிக்கொண்டாள்.

பேருந்து நிறுத்தத்தில் வழுக்கிவிட்டதாம்.
குளியல் தொட்டி நிறைய மூன்று வாரத் துணி.
செயலி மூன்று முறை நினைவூட்டியது,
மூன்று முறை நேரத்தைப் பிடுங்கியது,
மூன்று முறை நன்றியும் சொன்னது.
அந்த நேரத்தை எடுத்துக்கொண்டவன் நான்தான் என்றேன்.
சொல்லாமல் இருந்திருக்கலாம்.
"பேர் போடுவதில்லையே அதில்" என்றாள் ஹில்லெவி,
"போட்டிருந்தால் எழுதியிருப்பேன், நல்லாவே."

ஈரக் கூடையோடு படியிறங்கினேன்.
"கம்பளிக்கு முப்பது டிகிரி!
நாற்பது வைத்தால் பொம்மைக்குத்தான் ஆகும்!"
நான்கு வருடம் வாசித்த குரல்
படிக்கட்டில் துரத்தி வந்தது.
நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் கரகரப்பு.

கீழே ஆணி இருந்தது.
கட்டைவிரல் நீளப் பென்சிலும் தொங்கிக்கொண்டிருந்தது,
அதை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை போல.
சோப்புத்தூள் வாங்கிய ரசீதைத் திருப்பி எழுதினேன்:
வியாழன், ஏழு முதல் பத்து. ஸ்ட்ரோம்.
துணி போடுவது இரண்டாம் மாடி.
சுவரில் டேப் போட்டு ஒட்டினேன்.

அடுத்த வாரம் அதன் கீழே
யாருடையதென்று தெரியாத ஊதா மை:
"டேப் ஒட்டினால் பெயின்ட் உரியும்.
ஆணி எதற்கு இருக்கிறது?"
அதற்கும் கீழே, ரசீதின் ஓரத்தில் நெருக்கி,
கோணல் மாணலாக ஒரு குழந்தைக் கை:
"பச்சைக் கையுறை யாரோடது?"

இடம் தீர்ந்துவிட்டது.
பெரிய தாளாக ஒன்று வாங்கி வந்து
ஆணியில் குத்தினேன்.
பென்சிலைச் சீவினேன்.