எந்த அடுப்பின் புகை

உலான்பாதரில் ஜனவரி.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தெட்டு,
உள்ளே என் உறைபெட்டியில் எண்பது.
குளிரைத் தரம் பிரித்துக் கூலி வாங்குகிறவள் நான்.

நோயாளிகளை நான் பார்ப்பதில்லை.
குழந்தைகள் வார்டிலிருந்து
கையளவுப் பெட்டியில் வந்து சேரும்
முதுகுத்தண்டிலிருந்து சொட்டுச் சொட்டாய் இறக்கிய நீர்,
நாலு மில்லி.
கலங்கல் இல்லை, வோட்காபோல் தெளிவு.
அந்தத் தெளிவை நம்பக் கூடாது.
ஓர் இரவு ஆடாமல் வைத்தால்
குழாய்க்குள் தொங்கும்
சிலந்தி இல்லாத வலை.

அடியில் படிந்ததைக் கண்ணாடியில் தடவி
சிவப்புச் சாயம், சூடு, அமிலம், பிறகு நீலம்.
நூறு இடம் பார்த்தேன். இருநூறு.
எங்கும் நீலம். ஒரு சிவப்புக் குச்சி கிடையாது.
‘காணப்படவில்லை’ என்று எழுதினேன்.
‘இல்லை’ என்று எழுதவில்லை.
இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில்தான்
மூளையின் உறையில் காசம்
குடித்தனம் நடத்துகிறது.

குடுவையில் அது முளைக்க ஆறு வாரமாகும்.
பையனுக்கு ஆறு வாரம் கிடையாது.
கழுத்து விறைத்து மூன்றாம் நாள்,
இடது கண் உள்ளே ஒதுங்கிவிட்டதாம்.
பெட்டி கொண்டுவந்தவன் சொல்லிவிட்டுப் போனான்,
கேட்காமலே.

இதற்காகத்தான் எங்கள் ஆய்வு.
நெருப்பு அகப்படாவிட்டால் புகையைப் பிடி.
கிருமி ஒளிந்துகொள்ளலாம்,
அதைக் கண்டு மிரண்ட உடம்பு
வாயை மூடிக்கொண்டு இருக்காது.
புரதம் புரதமாய்க் கூவும்.
அந்த இரைச்சலில் மூன்று குரலைப் பிரித்தெடுத்து
மூன்றும் சேர்ந்து உயர்ந்தால்
காசம் என்று சொல்லலாமா?
கேள்வி மட்டும்தான் இப்போதைக்கு எங்களுடையது.

நெருப்பில்லாமல் புகையாது. சரி.
என் ஜன்னலுக்கு வந்து பாருங்கள்.
வடக்கு மேட்டில் கூடாரத்துக்குப் பின்னால் கூடாரம்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு தகரக் குழாய்,
எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மேகம்.
இதில் எந்தப் புகை எந்த அடுப்பினது?
வேறு கிருமிகளும் உடம்பை மிரட்டும்.
மிரண்ட உடம்புக்குச் சொற்கள் கொஞ்சம்தான்.

தட்டில் தொண்ணூற்றாறு குழி.
பையனின் நீர் 217.
பெயர் எனக்குத் தெரியக் கூடாது, அது விதி.
217 மூன்று குரலிலும் அலறியது.
அதை வார்டுக்குச் சொல்லக் கூடாது, அதுவும் விதி.
சோதனையே இன்னும் சோதனையில் இருக்கிறது.
கையுறையைக் கழற்றினேன். போட்டேன். கழற்றினேன்.
தொலைபேசி மேசையிலேயே இருந்தது.

பிறகு தெரிந்தது,
டாக்டர் தெல்கெர்மா முந்தின இரவே
நாலு மருந்தும் தொடங்கிவிட்டிருந்தார்.
எதை வைத்து என்று கேட்டேன்.
“அவன் மாமன் இருமுகிறான்.”

மார்ச்சில் பூட்டு திறந்து பட்டியல் வந்தது.
217-க்கு நேரே: நெர்குய்.
எங்கள் பேச்சில் ‘பெயரில்லை’.
விடுபட்ட இடம் அல்ல, பெயரே அதுதான்.
பிள்ளை தங்காத வீட்டில்
அடுத்ததைச் சாவின் கண்ணில் படாமல்
மறைத்து வைக்கிற பெயர்.
நாங்கள் எண் ஒட்டி மறைக்கும் முன்பே
அம்மா மறைத்தாயிற்று.
முதல் நாளே அந்தப் பெயர் என் காதில் விழுந்திருந்தால்
இவனுக்கு முன் எத்தனை, எதனால் என்று
கேட்டிருப்பேன்.
அதுவும் ஒரு புகைதானே.

குடுவையில் ஏழாம் வாரம்
ரொட்டித் துகள்போல் முளைத்தது.
பையன் நடக்கிறான். கண் நேராகவில்லை.

அதே பட்டியலில் 231.
மூன்று குரலும் அதே உயரம்.
காசம் அல்ல, பூஞ்சை.
அவள் பெயரையும் படித்தேன்.
அதை இங்கே எழுத மாட்டேன்.

இன்று 260 வந்திருக்கிறது.
தெளிவாகத்தான் இருக்கிறது.
ஆடாமல் நிறுத்திவிட்டு
ஜன்னலைத் துடைக்கிறேன், திரும்பத் திரும்ப.
கரி வெளிப்பக்கம் இருக்கிறது.