பதினொரு நிமிடம்

பதினாறு முடிந்து மூன்று வாரம்.
நாடே பூட்டிவைத்த கதவை
பிறந்தநாளன்று எனக்குத் திறந்துவிட்டார்கள்.
சட்டம் வயதைத்தான் கேட்டது.
வேறொன்றும் கேட்கவில்லை.

பிளாக்டவுன் நீச்சல் குளம்.
பெப்ரவரி வெயில்.
மூக்கில் வெள்ளைக் களிம்பு,
சிவப்பு இல்லம், நீல இல்லம்,
தகரப் படிக்கட்டில் தொடை சுட நாங்கள்.
ஆறாவது தடத்தில் லதுசன்.
வவுனியாவிலிருந்து வந்து ஐந்து மாதம்.
ஒலிபெருக்கி அவன் பெயரை
மூன்று விதமாக உடைத்துப் பார்த்தது,
மூன்றும் பிழை.
ஐம்பது மீட்டருக்கு ஆள் காணாதென்று
கை தூக்கியிருந்தான்.
நீந்தி முடித்தாலே இல்லத்துக்கு
ஒரு புள்ளி கிடைக்குமாம்.

மற்றவர்கள் தொட்டு, ஏறி,
துவாய் போர்த்திக்கொண்ட பிறகும்
அவன் பாதியில்தான் நின்றான்.
கயிற்றைப் பிடித்தான். இருமினான்.
கழுத்தை மட்டும் வெளியே நீட்டி
நாலு திசையிலும் தண்ணீரை அடித்தான்.

எடுத்தேன். இருபத்திரண்டு விநாடி.
மேலே ஒரு பச்சைத் தவளை ஒட்டினேன்.
எழுத்துக்கூட இல்லை, தவளை மட்டும்.
போட்டேன்.

நான் கெட்டவள் இல்லை என்று
இந்த இடத்தில் ஒரு வரி இருந்தது.
அடித்துவிட்டேன்.

நாலு இதயம். பத்தொன்பது. எண்பது.
இனித்தது.
எண்பதாவது யாரென்று பார்க்கப் போய்த்தான்
திரும்ப ஓடவிட்டேன்.

பதினேழாவது விநாடியில்
கயிற்றில் தொங்கியபடி நிமிர்கிறான்.
நேரே என் கைப்பேசியைப் பார்த்து
கை அசைக்கிறான்.

அத்தனை படிக்கட்டிலும்
அவனுக்குத் தெரிந்த முகம் ஒன்றுதான்.
அது போனைத் தூக்கிப் பிடித்திருந்தது.
தனக்காகத்தான் என்று
நினைத்திருக்கிறான்.

அழித்தேன்.

பதினொரு நிமிடத்தில்
ஒரு ரொட்டிக்கு மா குழைக்கவே காணாது.
ஆஷ்டனுக்குக் காணும்.
அவன் பிரதி எடுத்து,
அவன் அண்ணனின் கால்பந்துக் குழுவுக்குப் போய்,
இரவுக்குள் கிரவீனில்
எனக்குத் தெரியாத ஒருத்தி
எனக்கே அனுப்பினாள்,
'பார், சிரித்தே செத்தேன்' என்று.
உலைவாயை மூடலாம்.
ஊர்வாய்க்கு என் விரலே திறப்பு.

காலை, பென்டில் ஹில் நிலையம்.
ரயில் வரும் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்,
வராத பக்கத்திலிருந்து வந்தான்.
"அக்கா, நேற்று நீங்கள் வீடியோ எடுத்தனீங்கள் எல்லோ?
எனக்கும் ஒருக்கா அனுப்பிவிடுங்கோ.
நான் முடிச்சனான் எண்டு சொல்ல
அம்மா நம்புறா இல்லை."

முடித்தான்தான்.
நானும் பார்த்தேன்.
மூன்று நிமிடத்துக்கு மேல் ஆனது,
விசில் வைத்திருந்த மிஸ்
அவனோடு கரையிலேயே நடந்து வந்தார்.

ரயிலில் ஏறினோம்.
அழித்ததெல்லாம் முப்பது நாள்
ஒரு மூலையில் கிடக்கும்,
எடுத்துப் பார்த்தேன்.
தவளை இல்லாத பிரதி.
ஆனால் சத்தம் இருக்கிறது.
கூட்டத்தின் சிரிப்பு தூரத்தில்.
மிகக் கிட்ட, மைக்கை ஒட்டி, என்னுடையது.

சத்தத்தை நிறுத்தி அனுப்பலாம்.
விரல் அங்கேதான் இருந்தது,
டூங்காபியில் கதவு திறந்து மூடும்வரை.

சொன்னேன்.
தவளையை, ஆஷ்டனை, கிரவீனை,
என் சிரிப்பை.
மன்னிப்பையும் சொன்னேன்,
அது ரயில் சத்தத்தில் சரியாகக் கேட்டிராது,
திரும்பச் சொல்ல
வாய் வரவில்லை.

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.
யாருடைய வீட்டுக் கொடியிலோ
பள்ளிச் சட்டைகள் ஐந்து.
செவன் ஹில்ஸ் வந்தது, போனது.

"தவளையை ராத்திரியே பார்த்திட்டன்,"
என்றான்.
"நீங்கள் எண்டு தெரியாது."

பிறகு,
"நான் முடிச்சது அதிலை இருக்கோ?"

இல்லை என்றேன்.
இருபத்திரண்டு விநாடியோடு போதுமென்று...

பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.
பிளாக்டவுன். எல்லாரும் எழுந்தார்கள்.
நெரிசலில், என் பக்கம் திரும்பாமலே கேட்டான்:

"பிறகேன் நிப்பாட்டினீங்கள்?"