முழுப் பேர்

பொகவந்தலாவை டவுன்ல, பஸ் திரும்புற எடத்துல
ரிம்ஸான் கடை.
கண்ணாடிக்குள்ள மூணு நிறத்துல அட்டை:
சிவப்பு, மஞ்சள், பச்சை.
"எது தம்பி நல்லது?"
"நீங்க யார்ட்ட கூடப் பேசுவீங்க, அக்கா?
அதப் பொறுத்துத்தான்."
கேட்டவன் அடுத்த ஆளுக்கு ரீலோட் போடத் திரும்பிட்டான்.
நான் நின்னுட்டேன்,
கொழுந்து தராசு முள்ளாட்டம் ஆடிக்கிட்டு.

யார்ட்ட?

அவர் கொழும்புல, நகைக்கடைக்குக் காவல். சிவப்பு.
சாப்ட்டியா, அங்க மழையா, காசு போட்டிருக்கேன்:
நாலு நிமிசம்.
அஞ்சாவது நிமிசத்துக்கு எங்ககிட்ட பேச்சு கெடையாது.
அவருக்குன்னு அளவில்லாத அழைப்பு வாங்கி
மிச்சத்த எந்த அண்டாவுல ஊத்தி வைக்க?

தர்ஷிகா கட்டுநாயக்கால, தையல் மெஷின்ல. மஞ்சள்.
அவ பேசமாட்டா, படம் அனுப்புவா.
வெலை கேட்டுட்டு வாங்காம விட்ட செருப்பு,
போர்டிங் ஜன்னல்ல காயுற நீலச் சட்டை.
வட்டம் சுத்திச் சுத்தி அவ மொகம் வர்றதுக்குள்ள
எனக்குச் சோறு வடிஞ்சிரும்.

மஞ்சள்ல சலுகை ஒண்ணு இருக்காம்.
நடுராத்திரியிலேருந்து விடிய அஞ்சு வரைக்கும்
டேட்டா சும்மா.
அந்நேரம் எங்க தோட்டத்துல முழிச்சிருக்கறது
பன்றிக் கூட்டமும் வாச்சரும்.

அன்னைக்கு வாங்கல.

மறுநாள் ஒம்பதாம் நம்பர் மலையில
பத்து மணித் தேத்தண்ணிக்குக் கூடைய எறக்கினதும்
எல்லாரையும் போன எடுக்கச் சொன்னேன்.
செபமாலைக்குச் சிவப்பு: ஒண்ணுமில்ல.
வீரலெட்சுமிக்கு மஞ்சள்: ஒரு கோடு,
அதுவும் சவுக்கு மரத்துல சாஞ்சு நின்னா.
ஞானம்மா போன் ரொட்டித் துணிக்குள்ள இருந்துச்சு,
பிரிச்சுப் பாத்தா பச்சை,
நாலு கோடு, முழுசா.
பச்சையில எனக்குப் பேச ஒரு ஆள் இல்ல.

போன மாசியில இதே மலையில குளவி கலைஞ்சுச்சு.
செபமாலையோட தங்கச்சியப் படங்குல போட்டு
நாலு பேர் தூக்கிக்கிட்டு ஓடினோம்.
அஞ்சாவது ஆள் நான்,
போன வானத்துக்குக் காட்டிக்கிட்டே ஓடினேன்.
ரோட்டு வளைவு வரைக்கும் ஒரு கோடு வரல.

அந்தப் பேச்ச யாரும் எடுக்கல.
கணக்குப்பிள்ளை கீழேருந்து சத்தம் போட்டார்.
செபமாலை போத்தல் மூடியக் கவுத்துத் தட்டிக்கிட்டே
"பச்சைய வாங்கு"ன்னா.

ஞாயித்துக்கெழமை மறுபடி ரிம்ஸான்.
"இப்ப இருக்கற சிம் யார் பேர்ல?"
அவர் பேர்ல.
"அப்ப ஒங்க அடையாள அட்டையத் தாங்க.
முழுப் பேரச் சொல்லுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு.
இந்த மாசம் பதினோரு நாள் எனக்கு அரைப் பேரு.
மழைக் கொழுந்து, கிலோ காணல,
செக்ரோல்ல பாதியா விழுந்துச்சு.
பெருமாள் புஷ்பலீலா, தம்பி.
அவன் எழுதிக்கிட்டான்,
கூடைக்குன்னும் தண்ணிக்குன்னும்
எதுவும் கழிக்காம.

"பெக்கேஜ்?"
இருக்கறதுலயே கொறஞ்சது.
"அதுல பேச்சு கம்மி அக்கா, டேட்டா அதவிடக் கம்மி."
தெரியும்.
பழைய சிம்மும் உள்ளேயே இருக்கட்டும், எடுத்துராத.
அவரோட நாலு நிமிசம் அதுல வரும்.
தர்ஷிகா செருப்பு மெதுவா எறங்கட்டும்.

திங்கக்கெழமை, ஒம்பதாம் நம்பர்.
புது நம்பர்லேருந்து மொத மிஸ்கால் செபமாலைக்கு.
ரெண்டு நிரை தள்ளி அவ படங்குக்குள்ள அடிச்சுச்சு.
அவளும் நேத்து சாயந்தரம் பச்சைக்கு மாறிட்டா,
எனக்குச் சொல்லல.

எடுக்கல.
திரும்பிப் பாத்து, கொழுந்துக் கையோட,
"வையிடி, காசு போயிரும்"னு கத்தினா.