தன்வினை

படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது:
‘தானாகவே துண்டித்துக்கொண்டவர்.’
பதினொரு நாளாக இருட்டில் இருக்கும் டூகல் பெட்ரியை
அந்தக் கட்டத்தில்தான் நான் போட வேண்டும்.

குறடோடு யாரும் வரவில்லை.
கதவில் சிவப்புக் காகிதம் ஒட்டவில்லை.
மாடிப்படிக்குக் கீழே மீட்டர்,
அதில் செருக ஒரு நீலச் சாவி,
சாவியில் காசு இல்லை. அவ்வளவுதான்.
கரண்ட் போச்சு என்கிறோமே
அதுவாக எழுந்து நடந்துபோனதுபோல,
இங்கே டண்டீயில் அது போவதற்குக்
கதவைத் திறந்துவிட்டவரும் அவரேதான் என்கிறது படிவம்.

வெள்ளிக்கிழமை, நாலு நாற்பது.
சலவைக்கடைக்கு மேலே எங்கள் அறை.
கீழே உலர்த்தும் இயந்திரங்கள் ஓட
என் பாதங்களுக்கு மட்டும் கோடை.
ஃபோனில் அவர் முதலில் மன்னிப்புக் கேட்டார்.
எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள்.
பிஸ்கட் ஆலையில் இரவு வேலை; மணிநேரத்தைக் குறைத்துவிட்டார்கள்.
போன சனிக்கிழமை பத்து பவுண்டு போட்டாராம்.
பழைய கடனுக்கு ஆறு.
ஒன்றுமே எரிக்காத நாள்களுக்கும் சேர்த்துத் தினக்கட்டணம்
மூன்று பவுண்டு தொண்ணூற்றெட்டு.
மிச்சம் இரண்டு பென்ஸ்.
‘கெட்டில் பாதிக் கொதியில் நின்றுவிட்டது’ என்றார்,
அதைச் சொல்லும்போது மட்டும் சிரித்தார்.

வீட்டில் சிறுவர் உண்டா?
ஏழாவது கேள்வி.
இங்கே எல்லோருக்கும் மூச்சு நிற்கும்,
பிள்ளையைக் கொண்டுபோய்விடுவோமோ என்று.
‘இது மின்சாரத்துக்கு மட்டும்’ என்றேன்.
‘மெய்ரி. பதினைந்து. பஸ்ஸில் இருக்கிறாள்.’
எங்கே போகிறாள்?
‘எங்கேயும் இல்லை.’

வட்டப் பாதை. அட்டையைக் காட்டினால் இலவசம்.
மேல்தட்டில், ஹீட்டர் பக்கத்து இருக்கையில்,
ஆற்றை நான்கு முறை, மருத்துவமனையை நான்கு முறை
கடந்தால் ஒரு மாலைப் பாடம் முடியும்.
அவள் வேதியியல் நோட்டில்
ஊரின் எல்லா வேகத்தடைகளும் பதிவாகியிருக்கின்றன.
ஓட்டுநர்கள் எதுவும் கேட்பதில்லை.
ஒருவர் மட்டும் மேடுகளில் மெதுவாகப் போகிறார்.

கம்பெனி லைன் ஆறு மணிக்கு மூடும்.
காத்திருப்பு இசை, அதே எட்டு ஸ்வரம்.
பிறகு ஒரு பையன், குரலில் சளி.
அவன் அறையிலும் ஹீட்டர் இல்லைபோல.
வாரம் ஆறு என்பதை ஒன்றரை ஆக்கு என்கிறேன்.
அவனுக்கு அதிகாரம் இல்லை.
அதிகாரம் உள்ளவரைக் கொடு என்கிறேன்.
மறுபடி அந்த எட்டு ஸ்வரம்.
ஐந்து ஐம்பத்தெட்டுக்கு அதிகாரம் வந்தது,
இருமிக்கொண்டு, அதே குரலில்.
‘மாற்றிவிட்டேன். நான்தான் என்று எழுதவேண்டாம்.’

எழுதவில்லை.

எங்கள் நிதியிலிருந்து ஒரு வவுச்சர், பதினாறு எண்கள்.
இரண்டு முறை படித்தேன். வெளிச்சம் இல்லாததால் டூகல்
ஜன்னலில் மூச்சு ஊதி விரலால் எழுதினார்;
தெருவிளக்கு பின்னால் நிற்க
பென்சில் கிடைக்கும்வரை
ஒன்பது மட்டும் வழிந்து நாலுபோல ஆனது.
கடையிலிருந்து திரும்பக் கூப்பிட்டுக் கேட்டார்,
‘அது எது?’

நானூற்றுப் பன்னிரண்டு பவுண்டு, வாரம் ஒன்றரை.
கணக்குப் போட்டுப் பார்த்தேன், போடாமல் இருந்திருக்கலாம்:
கடன் தீரும்போது மெய்ரிக்கு இருபது.
படிவத்தின் கடைசிக் கட்டம்: ‘தீர்ந்ததா?’
ஆம், இல்லை. மூன்றாவது இல்லை.

திங்கள்கிழமை அவரே கூப்பிட்டார்.
நன்றிக்கு இல்லை, புகாருக்கு:
‘ஃபிரிட்ஜ் இரவெல்லாம் முனகுகிறது.
பழக்கம் விட்டுப்போச்சு. தூக்கமே இல்லை.’
இருவரும் சிரித்தோம்.
மெய்ரி எப்படி இருக்கிறாள்?

‘நேற்றும் பஸ்ஸுக்குத்தான் போனாள்.
இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்கிறாள்.’